மலிவு வீடு, பெரிய தோட்டம், கூடவே ஒரு நாய்... ஸ்பெயின் கிராமத்துல குடியேறுறது அவ்வளவு ஈஸியா?

வெள்ளையடித்த பழைய வீடு. பின்னால் ஆலிவ் மரங்கள். திண்ணையில் வெயில் காயும் நாய், ஓட்டின் மேல் ஒரு பூனை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காபி குடிக்கும் ஒரு ஜோடி. சமூக வலைதளங்களில் இந்த மாதிரி ஸ்பெயின் கிராமத்து வீடியோக்களைப் பார்க்காதவர்கள் குறைவு. 'வொர்க் ஃப்ரம் ஹோம்' வந்த பிறகு, "நாமும் இப்படிப் போயிடலாமா?" என்று ஒரு நிமிடமாவது யோசிக்காத ஐ.டி. ஊழியர்களும் குறைவுதான்.

பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து என்று வட ஐரோப்பாவிலிருந்து பல ஆயிரம் பேர் உண்மையிலேயே இப்படிப் போய்க் குடியேறியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட ஸ்டார்ட்அப் சட்டத்தின் மூலம், வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆன்லைனில் வேலை செய்பவர்களுக்கான 'டிஜிட்டல் நோமட்' விசாவையும் ஸ்பெயின் தொடங்கியது. ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு வருமானம் காட்ட வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம்.

விசா, வாடகை, இன்டர்நெட் ஸ்பீடு பற்றியெல்லாம் கூகுள் செய்துவிடுகிறோம். ஆனால், அங்கே போனவர்களின் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேறொரு ஆள். அந்த வீடியோவில் திண்ணையில் படுத்திருக்கும் நாய்!

எப்போது வாக்கிங் போகலாம், எந்தப் பாதையில் போகக் கூடாது, எத்தனை நாள் ஊருக்குப் போய்வரலாம், எந்த மாதத்தில் எந்த மருந்து... எல்லாமே அதைப் பொறுத்துத்தான். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

வீடு ஏன் மலிவு?

ஸ்பெயினில் 'எஸ்பான்யா வசியாதா' என்று ஒரு சொல் உண்டு. 'காலியாக்கப்பட்ட ஸ்பெயின்' என்று அர்த்தம். 1950-களிலிருந்து கிராமத்து மக்கள் வேலை தேடி மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவ் என்று நகரங்களுக்குக் கிளம்பினார்கள். உள்நாட்டு மாகாணங்கள் அப்படியே வற்றிப்போயின.

சோரியா, தெருவெல் ஆகிய மாகாணங்களில் இன்று ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 9 பேர்தான் வசிக்கிறார்கள். நாட்டில் உள்ள 8,100-க்கும் மேற்பட்ட நகராட்சிகளில் பாதிக்கும் மேலானவற்றில் மக்கள்தொகை 1,000-ஐக்கூடத் தொடாது. "எங்களையும் கவனியுங்கள்" என்று கேட்டு 2019 மார்ச் 31 அன்று மாட்ரிட்டில் பெரிய பேரணியே நடந்தது. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் 'தெருவெல் எக்சிஸ்தே' (தெருவெல் இருக்கிறது) என்ற அமைப்பு நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தையும் பிடித்தது.

ஆக, வீடு மலிவாகக் கிடைப்பதற்கும், பக்கத்தில் ஆஸ்பத்திரி, பஸ், மருந்துக்கடை இல்லாததற்கும் காரணம் ஒன்றுதான்: ஆள் இல்லை. மனிதர்களுக்கே டாக்டர் வாரத்தில் சில நாள்கள்தான் வருவார் என்கிற ஊரில், நாய்க்கு டாக்டர் எங்கே இருப்பார்? கட்டுரை முழுக்க இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

நாய்க்கும் ஒரு 'விசா' உண்டு

முதலில் அங்கே போய்ச் சேர வேண்டுமே! ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மாறுபவர்களுக்கு வேலை சுலபம். மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, செல்லப்பிராணி பாஸ்போர்ட் இருந்தால் போதும்.

பிரிட்டன்காரர்களுக்கு பிரெக்ஸிட் இதையும் மாற்றிவிட்டது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் வழங்கப்பட்ட செல்லப்பிராணி பாஸ்போர்ட் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையச் செல்லாது. பிரிட்டனிலிருந்து ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் புதிதாக ஒரு சுகாதாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதனால் ஸ்பெயினில் நிரந்தரமாகத் தங்குபவர்கள், அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பிய பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறார்கள்.

இந்தியாவிலிருந்து கொண்டுபோவது இன்னும் நீளமான கதை. ரேபிஸ் அபாயம் குறைவு என்று ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. எனவே வரிசை இப்படிப் போகும்:

முதலில் மைக்ரோசிப். அதன் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. ஊசி முதலில், சிப் பிறகு என்றால் அந்த ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள்கள் கழித்து ரத்த மாதிரி எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரிப்போர்ட் நன்றாக வந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியாக, அரசு கால்நடை அதிகாரி கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ். அது வழங்கப்பட்டு 10 நாள்களுக்குள் ஐரோப்பாவில் இறங்கிவிட வேண்டும்.

மொத்தத்தில் குறைந்தது நான்கு மாதம். "அடுத்த மாசம் ஜாயின் பண்ணணும், நாயையும் கூட்டிட்டுப் போயிடலாம்" என்பது நடக்காது. பக் போன்ற மூக்கு சப்பையான இனங்களை விமானத்தின் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுத்துவிடுகின்றன என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ராட்வைலர், பிட்புல், அகிதா வைத்திருப்பவர்களுக்குத் தனி அத்தியாயம். 2002-ம் ஆண்டின் அரசாணை எட்டு இனங்களை 'அபாயகரமாக மாறக்கூடியவை' என்று பட்டியலிட்டிருக்கிறது. இவற்றை வளர்க்க உள்ளூர் நகராட்சியின் லைசென்ஸ், குறைந்தது 1,20,000 யூரோவுக்கான இன்ஷூரன்ஸ், பொது இடத்தில் வாய்ப்பூட்டு, இரண்டு மீட்டருக்குக் குறைவான கயிறு... எல்லாம் கட்டாயம்.

போனதும் முதல் வேலை... நகராட்சி அலுவலகம்!

ஸ்பெயினில் எந்த ஊரில் குடியேறினாலும் அந்த ஊரின் 'பத்ரோன்' எனப்படும் குடியிருப்போர் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும். சின்ன ஊர்களுக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பதிவேட்டில் உள்ள தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் மத்திய அரசின் வரிப் பங்கு நகராட்சிக்குக் கிடைக்கிறது. 80 பேர் இருக்கும் ஊரில் இரண்டு பேர் கூடுவது பெரிய விஷயம்.

நாய்க்கும் பதிவு உண்டு. ஸ்பெயினில் 17 தன்னாட்சி மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மைக்ரோசிப் பதிவேடு. சென்னையிலோ லண்டனிலோ போட்ட சிப்பை, நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் பதிவேட்டில் கால்நடை மருத்துவர் மூலம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால்? நாய் காணாமல்போய், யாரோ கண்டுபிடித்து சிப்பை ஸ்கேன் செய்தாலும், திரையில் வெறும் எண்தான் தெரியும். உங்கள் போன் நம்பர் வராது.

2023 சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்பெயினில் நாய்களின் எண்ணிக்கை 90 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்கிறது செல்லப்பிராணி உணவு உற்பத்தியாளர்கள் சங்கம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைவிட இது அதிகம். அதற்கேற்ப சட்டங்களும் வேகமாக மாறின.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், விலங்குகளை 'பொருள்' என்ற வகையிலிருந்து எடுத்து 'உணர்வுள்ள உயிர்கள்' என்று சிவில் சட்டத்தில் எழுதியது. அடுத்து 2023 செப்டம்பர் 29 அன்று விலங்கு நலச் சட்டம் அமலுக்கு வந்தது. கிராமத்தில் வீடு வாங்கிக் குடியேறுபவர்களை நேரடியாகத் தொடும் விதிகள் இவை:

நாயை 24 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றித் தனியாக விடக் கூடாது. பூனை உள்ளிட்ட மற்ற செல்லப்பிராணிகளுக்கு இந்த வரம்பு மூன்று நாள். நாயை மொட்டைமாடி, பால்கனி, முற்றம், நிலவறை போன்ற இடங்களில் வழக்கமாக அடைத்து வைக்கக் கூடாது. கடை வாசலில் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போகக் கூடாது. பூனைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் கருத்தடை செய்ய வேண்டும். நாய், பூனைகளைக் கடையில் விற்கக் கூடாது.

அபராதம் 500 யூரோவில் தொடங்குகிறது. மிகக் கடுமையான மீறல்களுக்கு 2 லட்சம் யூரோ வரை போகலாம்.

"ரெண்டு நாள்தானே, சாப்பாடு தண்ணி வெச்சுட்டு பார்சிலோனா போயிட்டு வந்துடலாம்" என்று கிளம்ப முடியாது. நகரத்தில் என்றால் நாய் பார்த்துக்கொள்ளும் மையங்கள், ஆப்கள் இருக்கும். கிராமத்தில் இருப்பது பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும்தான். அவரோடு பேச ஸ்பானிஷ் தெரிய வேண்டும். வந்து பல ஆண்டுகள் ஆகியும் மொழி கற்காமல், தங்கள் நாட்டுக்காரர்களோடு மட்டுமே பழகுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு நியாயம்

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. வேட்டை நாய்கள், மந்தை காக்கும் நாய்கள், மேய்ச்சல் நாய்கள் ஆகியவை இதற்குள் வராது. வேட்டை நாய்களையும் சேர்க்க வேண்டுமா என்பதில் ஆளும் கூட்டணிக் கட்சிகளே முட்டிக்கொண்டன. கிராமப்புற வாக்குகளை மனதில் வைத்து, கடைசியில் விலக்கு கொடுக்கப்பட்டது. அவற்றைக் கொடுமைப்படுத்தினால் குற்றவியல் சட்டமும் மாநிலச் சட்டங்களும் பாயும் என்பது வேறு விஷயம்.

இதன் விளைவு கிராமத்தில் அப்பட்டமாகத் தெரியும். சோபாவில் தூங்கும் உங்கள் லாப்ரடாருக்கு ஒரு சட்டம். பக்கத்துக் கொட்டகையில் பத்துப் பதினைந்தாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும் வேட்டை நாய்களுக்கு வேறு சட்டம்.

ஸ்பெயினின் 'கால்கோ' நாய்கள் முயல் விரட்டப் பயன்படுபவை. ஒல்லியான உடல், நீண்ட கால்கள், மின்னல் வேகம். ஐரோப்பாவின் பல நாடுகள் இந்த வகை வேட்டையைத் தடைசெய்துவிட்டன. ஸ்பெயினில் இன்னும் அனுமதி உண்டு. ஜனவரி இறுதி வாக்கில் சீசன் முடியும்போது, பயன்படாத நாய்கள் கைவிடப்படுகின்றன என்பது விலங்கு நல அமைப்புகளின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. வேட்டைக்காரர் சங்கங்கள் இதை மறுக்கின்றன. எந்த வகை நாயாக இருந்தாலும், ஸ்பெயினின் காப்பகங்களுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாய், பூனைகள் வந்து சேர்கின்றன என்கின்றன அஃபினிட்டி அறக்கட்டளையின் ஆண்டு அறிக்கைகள்.

குடியேறிய வெளிநாட்டவர் பலர் இங்கேதான் உணர்ச்சிவசப்படுகிறார்கள். எலும்பும் தோலுமாக ஒரு நாயைப் பார்த்ததும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் இன்னொன்று. சில ஊர்களில் காப்பகங்கள் ஓடுவதே இவர்களின் உழைப்பாலும் பணத்தாலும்தான். பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்தில் உள்ள வீடுகளுக்குக் கால்கோக்கள் தத்துப் போவதும் இப்படித்தான்.

ஆனால் உள்ளூர்க்காரர் பார்வையில் கதை வேறு. காலையில் தானாகக் கிளம்பி, ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் திரும்பும் நாய் அவருக்குத் தெருநாய் இல்லை; அது அவருடைய நாய். "கழுத்துல பட்டை இல்ல, யாருடையதும் இல்ல போல" என்று தூக்கிப் போய்விட்டால், தகராறு தொடங்கும். சரியான வழி, முதலில் மைக்ரோசிப் ஸ்கேன். பிறகு நகராட்சிக்குத் தகவல். கொடுமை நடப்பதாகச் சந்தேகம் என்றால் 'செப்ரோனா'. கார்தியா சிவில் என்ற காவல் படையில் 1988 முதல் இயங்கும் இயற்கைப் பாதுகாப்புப் பிரிவு இது.

சுவரில் மாட்ட வேண்டிய காலண்டர்

ஊருக்குப் புதிதாக வருபவர்களிடம் பழைய ஆள்கள் முதலில் சொல்வது வெயிலைப் பற்றி அல்ல, மாதங்களைப் பற்றி.

பிப்ரவரி, மார்ச்: பைன் மரங்களில் வெள்ளைப் பஞ்சுப் பந்து மாதிரி கூடுகள் தெரிந்தால் உஷார். உள்ளே இருப்பது 'புரோசெசியோனாரியா' என்ற கம்பளிப்புழு. குளிர்காலம் முடியும் நேரத்தில் மரத்தைவிட்டு இறங்கி, ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். வேடிக்கை பார்க்க நாய் மூக்கை நீட்டினால் ஆபத்து. அதன் நுண்ணிய முடிகளில் உள்ள நச்சு, நாயின் நாக்கை வீங்கவைத்து, திசுக்களையே அழுகச் செய்துவிடும். தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். ஓடுவதற்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் நாக்கு தப்புமா என்பதைத் தீர்மானிக்கும்.

மே, ஜூன்: காய்ந்த புல் கதிர்கள். அம்பு மாதிரி கூர்மையான இந்தக் கதிர்கள் நாயின் காது, மூக்கு, கால் விரல் இடுக்கில் புகுந்தால் பின்னோக்கி வராது, உள்ளேதான் போகும். வாக்கிங் முடிந்ததும் விரல்களையும் காதுகளையும் பார்ப்பது தினசரி வேலை. உண்ணி தேடுவதும் அப்படியே.

ஏப்ரல், மே தொடங்கி அக்டோபர் வரை: மணல் ஈ. கொசுவைவிடச் சின்னது, சத்தமே போடாது. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை நாய்க்குப் பரப்பும். பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் மனிதர்களைத் தாக்கிய 'காலா அசார்' நோயின் நெருங்கிய உறவு இது. அங்கே மனிதரிடமிருந்து மனிதருக்கு மணல் ஈ கடத்தும். ஸ்பெயினிலோ ஒட்டுண்ணியின் முக்கிய இருப்பிடமே நாய்தான். மாட்ரிட் அருகே ஃபுவென்லபிராதாவில் 2009 முதல் மனிதர்களிடம் பரவியபோது மட்டும், முயல்கள்தான் காரணம் என்று கண்டுபிடிக்கப்பட்டது.

கடித்துப் பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்தே அறிகுறி தெரியும். எடை குறையும், தோல் உரியும், நகம் அசாதாரணமாக நீளும், சிறுநீரகம் பாதிக்கப்படும். மருந்தால் கட்டுப்படுத்தலாம், முழுசாகப் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். அதனால்தான் மணல் ஈயை விரட்டும் கழுத்துப்பட்டை, தடுப்பூசி, அந்தி சாய்ந்ததும் நாயை வீட்டுக்குள் படுக்கவைப்பது என்று மூன்றையும் சேர்த்துப் பின்பற்றச் சொல்கிறார்கள். திண்ணையில் தூங்கும் நாய் அழகான காட்சிதான். ஆனால் ஜூலை இரவில் அது அங்கே தூங்கக் கூடாது!

ஆகஸ்ட்: ஊர்த் திருவிழாக்களின் மாதம். நகரத்துக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் திரும்புவார்கள். 80 பேர் ஊரில் சில நூறு பேர். விடிய விடிய பாட்டு, பட்டாசு. வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்கள் அதிகம். திருவிழாவை நிறுத்தச் சொல்லி நகராட்சியில் மனு கொடுக்கும் புதுக் குடித்தனக்காரருக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை: வேட்டைக்காலம். மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறும். கறுப்பு-வெள்ளைத் தகடுகள் நட்டிருக்கும் நிலம், வேட்டைக்கான இடம் என்று அர்த்தம். வார இறுதியில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் நாளில் பாதை ஓரம் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அந்த நாளில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. மற்ற நாள்களில்கூட நாய்க்கும் ஆளுக்கும் ஆரஞ்சு நிற மேலுடை போட்டுக்கொண்டு போவது பலரின் பழக்கம்.

ஆண்டு முழுக்க நினைவில் வைக்க வேண்டியது, ஆட்டு மந்தையைக் காக்கும் மஸ்தின் நாய்கள். ஓநாய் உலவும் பகுதிகளில் மந்தைக்குள்ளேயே வளர்க்கப்படும் பெரிய உருவங்கள் இவை. வழியில் மந்தை தெரிந்தால் நடுவே புகாமல், நாயைக் கயிற்றில் பிடித்தபடி தூரமாகச் சுற்றிப் போக வேண்டும். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. அது உங்களைத் தாக்க வரவில்லை. அதன் வேலையைச் செய்கிறது.

டாக்டர் ஓர் ஊரில், மருந்து இன்னோர் ஊரில்

கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். உள்நாட்டு மாகாணங்களில் கால்நடை மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களில் பலர் ஆடு, மாடு, பன்றிப் பண்ணைகளுக்கானவர்கள். நாய்க்கு எக்ஸ்ரே, ஸ்கேன், இரவு நேர அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் மாகாணத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் என்பது சாதாரணம்.

அடுத்து மருந்து. ஸ்பெயினில் கால்நடை மருத்துவர் தன் கிளினிக்கில் மருந்து விற்க முடியாது. சிகிச்சையின் பகுதியாகக் கொடுக்கலாம். மற்றபடி சீட்டு எழுதித் தருவார், மருந்துக்கடையில் வாங்க வேண்டும். சின்ன ஊர் மருந்துக்கடையில் அது ஸ்டாக் இல்லை என்றால், மறுநாள் மறுபடி பயணம்.

செலவும் கணிசம். கால்நடை மருத்துவக் கட்டணத்துக்கான மதிப்புக் கூட்டு வரி 2012-ல் 8 சதவிகிதத்திலிருந்து 21 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. ஆடம்பரச் சேவைக்கு நிகரான வரி என்று மருத்துவர்களும் வளர்ப்பவர்களும் அப்போதிலிருந்தே எதிர்த்துவருகிறார்கள்.

கார் இல்லாமல் இதெல்லாம் சாத்தியமே இல்லை. இங்கே இந்தியர்களுக்கு ஒரு சிக்கல். குடியுரிமை அல்ல, வசிப்பிட அனுமதி பெற்ற ஆறு மாதம் வரைதான் வெளிநாட்டு டிரைவிங் லைசென்ஸ் செல்லும். சில நாடுகளோடு ஸ்பெயினுக்கு லைசென்ஸ் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் உண்டு, இந்தியாவோடு இல்லை. தியரி, பிராக்டிகல் என்று முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். ஆறு மாதம் முடிந்து, தேர்வு பாஸாகாத இடைவெளியில் நாய் கம்பளிப்புழுவை நக்கிவிட்டால்? பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

பூனைக்குச் சோறு வைப்பதும் அரசியல்தான்

கிராமத்து வீட்டு வாசலில் ஒரு தட்டு வைத்தால், ஒரு வாரத்தில் பத்துப் பூனைகள் வரும். ஓர் ஆண்டில் எத்தனை ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் ஆசையாகச் சோறு வைப்பார்கள். தோட்டத்தில் அசிங்கம் செய்கிறது என்று பக்கத்து வீட்டார் புகார் சொல்வார்கள்.

2023 சட்டம் இந்தப் பூனைகளுக்கு 'சமூகப் பூனைகள்' என்று பெயர் வைத்து, பொறுப்பை நகராட்சியிடம் கொடுத்தது. பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் திரும்ப விடுவதுதான் முறை. 80 பேர் இருக்கும் நகராட்சியிடம் இதற்குப் பணம் எங்கே? அதனால் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் கூண்டு வாங்கி, காரில் ஏற்றி, கிளினிக்குக்கு ஓட்டிப்போகும் ஏற்பாடுகளைப் பல ஊர்களில் பார்க்கலாம். நகராட்சியிடம் முன்கூட்டியே பேசிச் செய்தால் ஊருக்கே நன்மை. சொல்லாமல் செய்தால், உள்ளூர் விதிப்படி அபராதம்கூட வரலாம்.

தீ வந்தால் என்ன செய்வீர்கள்?

2025 ஆகஸ்டில் கலீசியா, காஸ்தியா இ லியோன், எக்ஸ்த்ரெமதுரா பகுதிகளில் பெரும் காட்டுத்தீ பரவியது. ஐரோப்பிய காட்டுத்தீ தகவல் அமைப்பின் பதிவுகள் தொடங்கிய 2006-க்குப் பிறகு ஸ்பெயினுக்கு மிக மோசமான ஆண்டு அது. 3.5 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. கிராமம் கிராமமாக மக்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

ஆளில்லாமல்போன வயல்களில் புதர் மண்டியது, தீ இவ்வளவு வேகமாகப் பரவ ஒரு காரணம். மலிவு வீட்டைத் தந்த அதே காலியிடம்தான் தீக்கும் வழிவிடுகிறது.

செல்போனில் 'எஸ்-அலர்ட்' சைரன் அடித்தால், கிளம்பச் சில நிமிடங்கள்தான் கிடைக்கலாம். அந்த நேரத்தில் மூன்று பூனைகளைத் தேடிப் பிடித்துக் கூண்டில் ஏற்ற முடியுமா? கோடை முழுக்கக் கூண்டுகளைக் கதவோரம் வைப்பது, பாஸ்போர்ட், மருந்து, கயிறு ஆகியவற்றை ஒரே பையில் வைப்பது, காரில் எரிபொருள் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது... அனுபவப்பட்டவர்கள் செய்வது இதுதான். எந்த அவசரத்துக்கும் ஒரே எண் 112.

நாளைக்கு நீங்கள் இல்லையென்றால்?

யாரும் முதலில் யோசிக்காத கேள்வி இது. ஆனால் ஸ்பெயினில் குடியேறிய வெளிநாட்டவரில் கணிசமானோர் ஓய்வுபெற்றவர்கள். 60 வயதில் நான்கு நாய்களோடு தோட்ட வீட்டில் இருப்பது சுகம். 78 வயதில் துணை இறந்து, கார் ஓட்ட முடியாமல்போனால்? நகரத்து அபார்ட்மென்ட்டுக்கோ, சொந்த நாட்டில் உள்ள முதியோர் இல்லத்துக்கோ போக வேண்டிய நாளில், நாய்கள் எங்கே போகும்? ஏற்கெனவே நிரம்பி வழியும் காப்பகத்துக்குத்தான்.

இளைஞர்களுக்கும் இது பொருந்தும். கம்பெனி 'ஆபீஸுக்கு வா' என்று கூப்பிட்டாலோ, விசா புதுப்பிக்கப்படாவிட்டாலோ, திரும்ப வேண்டியதுதான். அங்கே தத்தெடுத்த நாய்க்கு என்ன ஏற்பாடு?

ஸ்பெயின் சட்டம் இதற்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறது. உயில் எதுவும் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய விலங்கு, கேட்டு வரும் வாரிசிடம் ஒப்படைக்கப்படும். உடனடியாக அது முடியாவிட்டால், முடிவாகும்வரை காப்பகத்தில் இருக்கும். வாரிசுகள் யாரும் ஏற்காவிட்டால், வளர்க்க முன்வரும் மூன்றாம் நபரிடம் கொடுக்கலாம். உயிலில் யாருக்கு என்று தெளிவாக எழுதிவைத்தால் இந்த அலைச்சலே இல்லை. ஆனால் அந்த 'யாருக்கு' என்ற இடத்தில் எழுத ஒரு பெயர் வேண்டும். நாயை அறிந்த, கிராமத்திலேயே இருக்கும், மனதார ஒப்புக்கொண்ட ஒருவர்.

எனவே, ஸ்பெயின் கிராமத்தில் செல்லப்பிராணியோடு குடியேற நினைப்பவர்கள் வீட்டின் போட்டோக்களைப் பார்க்கும் முன் மூன்று விஷயங்களை விசாரிக்கச் சொல்கிறார்கள் அங்கே பல காலம் வாழ்பவர்கள். இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? இரண்டு நாள் வெளியே போனால் நாயைப் பார்த்துக்கொள்ள ஊரில் யார் இருக்கிறார்? நாமே திரும்பி வர முடியாமல்போனால் அதை யார் வைத்துக்கொள்வார்?

முதல் கேள்விக்குக் கூகுள் மேப் பதில் சொல்லிவிடும். மற்ற இரண்டுக்கும் பதில் கிடைக்க, ஊரோடு பழக வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் அதே ஊரில் வாடகைக்கு இருந்து பார்த்தால், பதில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால், நாய்க்கும் உங்களுக்கும் வேறு ஊர் பார்ப்பதே நல்லது.